ஜப்பான் பாரம்பரியம்: கணக்கு நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க!

"ஜப்பான்காரனைப் பாருங்க! புல்லட் ரயிலும் ஓட்டுறான், ஆயிரம் வருஷத்துப் பாரம்பரியத்தையும் இம்மி பிசகாம காப்பாத்துறான். நாமளும் இருக்கோமே..."

இந்த வசனத்தைக் கேட்காதவர் யாராவது இருக்கீங்களா? கல்லூரிக்கு வருகிற தன்னம்பிக்கைப் பேச்சாளர் சொல்கிறார். சொந்தக்காரர்கள் வாட்சப்பில் அனுப்புகிறார்கள். கூடவே ஒரு செர்ரிப் பூ மரம், ஒரு சிவப்புக் கோயில் வாசல், கிமோனோ போட்ட ஒரு பெண். கீழே பொன்மொழி மாதிரி ஏதோ நாலு வரி. பார்த்தவுடன் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடும்.

ஜப்பான் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அந்த ஊர்ச் சாப்பாடு, கோயில், திருவிழா பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிற ஆள் நான். படிக்கப் படிக்கத்தான் இந்த வசனம் எவ்வளவு பெரிய டூப் என்று புரிகிறது. அங்கே எதுவும் "அப்படியே" காப்பாற்றப்படவில்லை. ரயில் கம்பெனி மாற்றியிருக்கிறது, கடைக்காரர் மாற்றியிருக்கிறார், அரசாங்கம் கோடாலி எடுத்து வெட்டியிருக்கிறது. மிச்சம் நிற்பதில் முக்கால்வாசி வீட்டுப் பெண்களின் முதுகில் நிற்கிறது. பி.காம்.காரர்களுக்கு இரட்டைப் பதிவு முறை என்று ஒன்று சொல்லிக் கொடுத்துத் தொலைத்திருக்கிறார்கள் இல்லையா, ஒரு பக்கம் வரவு எழுதினால் எதிர்ப்பக்கம் பற்று இருந்தே ஆக வேண்டும். "பாரம்பரியம்" என்று எல்லோரும் வரவை மட்டும் படித்துக் காட்டுகிறார்கள். பற்று யார் தலையில்? அதைக் கேட்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் புத்தாண்டு. ஜப்பானில் ஜனவரி முதல் மூன்று நாளில் கோயிலுக்குப் போய்க் கும்பிடுவதற்கு ஹட்சுமோதே என்று பெயர். டோக்கியோவின் மெய்ஜி ஆலயத்துக்கு மட்டும் அந்த மூன்று நாளில் ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் வருவார்கள். ஓங்கி வளர்ந்த மரங்கள், சரளைக்கல் பாதை, பெரிய மர வாசல். பார்த்தால் ராமாயண காலத்திலிருந்து இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த ஆலயம் திறந்தது 1920ல். 1912ல் இறந்துபோன மெய்ஜி சக்கரவர்த்திக்காகக் கட்டியது. சுற்றியிருக்கும் காடு? அதுவும் நட்டதுதான். நாடு முழுவதிலிருந்தும் ஏறக்குறைய ஒரு லட்சம் மரங்கள் நன்கொடையாக வந்தன.

சரி, கோயில் புதுசு, வழக்கமாவது பழசா? அதுவும் இல்லைங்க. முன்பெல்லாம் வருடக் கடைசி இரவு குடும்பத் தலைவர் ஊர்த் தெய்வத்தின் கோயிலில் கண் விழித்துக் காத்திருப்பார். இன்னொரு வழக்கம், அந்த வருடத்துக்கு எந்தத் திசை அதிர்ஷ்டமோ, வீட்டிலிருந்து அந்தத் திசையில் இருக்கும் கோயிலுக்குப் போவது. எல்லாம் நடந்து போகிற தூரம். 1872ல் டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ஜப்பானின் முதல் ரயில் ஓடியது. நடுவில் கவாசாகி என்று ஒரு நிறுத்தம். அங்கே கவாசாகி தாய்ஷி என்ற பெயர்பெற்ற பௌத்தக் கோயில். டோக்கியோக்காரர்களுக்கு ஜாலியாக ரயில் ஏறி, கும்பிட்டு, சாப்பிட்டு, சாயங்காலம் வீடு திரும்ப ஒரு காரணம் கிடைத்தது. 1899ல் அந்தக் கோயிலுக்கென்றே ஒரு மின்சார ரயில் போட்டார்கள். இன்றைய கெய்க்யூ ரயில் நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான். நரிதா கோயிலுக்கு அரசு ரயிலும் தனியார் ரயிலும் போட்டி போட்டுக்கொண்டு தள்ளுபடி கொடுத்தன, கூடுதல் வண்டி விட்டன.

இதில் ஒரு சிக்கல். அதிர்ஷ்டத் திசை வருடா வருடம் மாறும். தண்டவாளம் மாறாதே! என்ன செய்வது? திசையைத் தூக்கிக் கடாசிவிட்டார்கள். எந்தத் திசையாக இருந்தால் என்ன, புத்தாண்டுக்கு ஒரு பெரிய கோயில், அவ்வளவுதான். இப்படித்தான் ஹட்சுமோதே பிறந்தது. விளம்பரப் பிரிவில் வேலை செய்த மகராசன் யாரோ, பெயர் தெரியவில்லை, கோயில் கட்டிக் கும்பிடலாம் :-)

அந்த ஜனவரி முதல் தேதியும்கூட அவர்களுடைய பழைய புத்தாண்டு கிடையாது. 1872 கடைசியில் அரசாங்கம் திடுதிப்பென்று சூரிய நாட்காட்டிக்கு மாறியது. அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் ஒரு மாதம்கூட இல்லை. ஏன் இத்தனை அவசரம்? பழைய சந்திர நாட்காட்டிப்படி அடுத்த வருடத்தில் ஒரு அதிக மாதம், ஆக 13 மாதம். அரசு ஊழியர்களுக்கு 13 சம்பளம். கஜானாவோ காலி. நாட்காட்டியை மாற்றினால் அந்த 13ஆவது சம்பளம் மிச்சம். அது மட்டுமா? பழைய கணக்கில் பன்னிரண்டாம் மாதம் இரண்டே நாளில் முடிந்துவிட்டது, அதற்கும் சம்பளம் கிடையாது. நான் கதை விடவில்லை, அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஒக்குமா ஷிகெனோபு தன் நினைவுகளில் இதைச் சொல்லியே வைத்திருக்கிறார். அதன் பலனை இன்றும் பார்க்கலாம். தானாபாதா என்று ஒரு நட்சத்திரத் திருவிழா, ஏழாம் மாதம் ஏழாம் நாள். வருடத்துக்கு ஒரு முறை இரண்டு நட்சத்திரங்கள் சந்திக்கிற நாளாம். சந்திரக் கணக்கில் அது வானம் தெளிந்த கோடைக்கடைசியில் வரும். புதுக் கணக்கில் ஜூலை 7, டோக்கியோவில் மழைக்காலம். நட்சத்திரம் எங்கே தெரியப்போகிறது? செண்டாய் நகரத்துக்காரர்கள் புத்திசாலிகள், ஆகஸ்டுக்குத் தள்ளி வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

அடுத்து சாப்பாடு. பிப்ரவரி ஆரம்பத்தில் செட்சுபுன் என்று ஒரு நாள், பெரும்பாலும் 3ஆம் தேதி. வறுத்த சோயாக்கொட்டையை வீசி "பேய் வெளியே போ, அதிர்ஷ்டம் உள்ளே வா" என்று கத்துவார்கள். இது நிஜமாகவே பழசு. ஆனால் இப்போது அந்த நாளின் கதாநாயகன் எஹோமாகி. நறுக்காத முழு சுஷி உருளை. அதிர்ஷ்டத் திசை பார்த்து நின்று, வாயே பேசாமல், ஒரே மூச்சில் தின்று முடிக்க வேண்டும். (ரயில்காரர் தூக்கிக் கடாசிய அதே அதிர்ஷ்டத் திசைதான். சுஷிக் கடைக்காரர் பொறுக்கி எடுத்துத் தூசி தட்டிவிட்டார்!) ஒசாகா பக்கத்தில் இருந்த சின்ன வழக்கம் இது. 1932லேயே அங்கே சுஷி வியாபாரிகள் சங்கம் துண்டுப் பிரசுரம் அடித்திருக்கிறது. 1989ல் ஹிரோஷிமாவில் செவன் இலெவன் கடைகள் விற்க ஆரம்பித்தன. 1998ல் நாடு முழுக்க விற்றார்கள். இன்று ஜப்பானில் ஒரு பள்ளிக் குழந்தையைக் கேட்டால் காலங்காலமாக இருக்கிற பண்டிகைச் சாப்பாடு என்றுதான் சொல்லும்.

விற்றால் விற்றுவிட்டுப் போகட்டும், யாருக்கு நஷ்டம் என்கிறீர்களா? இங்கேதான் எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் விற்க வேண்டிய சரக்கு, மறுநாள் குப்பை. ஆகவே கடைகளில் ஆளுக்கு இத்தனை உருளை விற்றாக வேண்டும் என்று இலக்கு. அது பகுதிநேர வேலைக்கு வரும் மாணவர்கள் தலையிலும் விழுந்தது. அதாவது நம்ம வயசுப் பசங்க. விற்க முடியாத மிச்சத்தைத் தங்கள் கைக்காசில் வாங்கிய கதைகள் செய்திகளில் நாறின. அதற்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் பெயரே "தன்னைத்தானே வெடித்துக்கொள்ளும் வியாபாரம்". குப்பைக்குப் போன உருளைகளின் படங்கள் பரவி, 2019 ஜனவரியில் விவசாய அமைச்சகமே "தேவைக்கு ஏற்ற அளவு மட்டும் செய்யுங்கள்" என்று கடைகளைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய வருடமே ஹியோகோ மாகாணத்தில் ஒரு சூப்பர்மார்க்கெட், "போதும், இத்தோடு நிறுத்திக்கொள்வோம். போன வருட அளவுக்கு மேல் செய்ய மாட்டோம்" என்று விளம்பரமே கொடுத்தது. நல்ல பெயர் கிடைத்தது. அப்போது பாரம்பரியக் காவலர்கள் எந்தப் பக்கம் நின்றிருக்க வேண்டும், சொல்லுங்கள் பார்ப்போம்?

உடனே "ஓஹோ, வியாபாரம்தான் வில்லன், பழைய பாரம்பரியம் பத்தரைமாற்றுத் தங்கம்" என்று கிளம்பிவிடாதீர்கள். வியாபாரம் கலந்ததால் ஹட்சுமோதே கெட்டுப்போய்விட்டது என்று நான் சொல்லவே இல்லை. முப்பது லட்சம் பேர் குளிரில் நின்று வேண்டிக்கொள்கிறார்களே, அந்த வேண்டுதல் பொய்யா? ரயில் டிக்கெட் எடுத்து வந்தால் பக்தி குறைந்துவிடுமா? நான் பார்த்தவரை ஜப்பானில் பாரம்பரியத்துக்குப் பெரிய அடி கடைக்காரரிடமிருந்து விழவில்லை. "பாரம்பரியத்தைக் காப்போம்" என்று கிளம்பிய அரசாங்கத்திடமிருந்துதான் விழுந்தது. அந்தக் கதையை யாரும் வாட்சப்பில் அனுப்புவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1868 வரைக்கும் புத்தரும் ஷின்டோ தெய்வங்களும் பல இடங்களில் ஒரே வளாகத்தில் ஒன்றாகக் குடியிருந்தார்கள். மெய்ஜி அரசு வந்ததும், ரெண்டும் வேற வேற, பிரி என்று ஆணை போட்டது. புத்தர் சிலைகள் உடைந்தன, மணிகள் உருக்கப்பட்டன. ஆயிரம் வருடக் கூட்டுக்குடித்தனம் ஒரே ஆணையில் காலி. இது முதல் சுற்று.

இரண்டாவது சுற்று 1906ல். நாட்டில் அப்போது ஏறக்குறைய 1,90,000 ஷின்டோ கோயில்கள். பலவும் நம்மூர் அய்யனார் கோயில் மாதிரி, ஒரு மரம், ஒரு கல், ஒரு சின்னக் கூரை. அரசாங்கம் பார்த்தது. ஷின்டோ என்பது நாட்டுப்பற்றின் அடையாளம், இப்படிக் கூரை ஒழுகிக்கொண்டு இருந்தால் கௌரவமா? கிராமத்துக்கு ஒரு கோயில், அதை நன்றாகப் பராமரிப்போம், மிச்சத்தை அதோடு சேர்த்துவிடு என்று உத்தரவு. 1914 வாக்கில் மிச்சம் இருந்தவை ஏறக்குறைய 1,20,000. எழுபதாயிரம் கோயில்கள் அவுட்! இதில் ரொம்ப அடிபட்ட மாகாணங்களில் ஒன்று மியே, பத்துக்கு ஒன்பது கோயில் அங்கே போய்விட்டது. மியே எது தெரியுமா? ஜப்பானின் தலைமைக் கோயிலான இசே இருக்கிற மாகாணம். ஆக, தலைமைக் கோயிலைச் சுற்றியிருந்த குட்டிக் கோயில்கள்தான் முதலில் போனது!

கோயில் போனால் கூடவே கோயில் காடும் போகும். சின்னக் கோயிலைச் சுற்றி நூற்றாண்டுகளாக யாரும் கை வைக்காத மரங்கள். கோயிலை இணைத்துவிட்டால் அது வெறும் நிலம். வெட்டு, மரத்தை விற்றுக் காசாக்கு. உள்ளூர் அதிகாரிக்கும் மர வியாபாரிக்கும் கொண்டாட்டம்.

இதை எதிர்த்து நின்றவர் மினகாட்டா குமாகுசு (1867-1941). யாராவது இவரைப் பற்றி ஒரு படம் எடுங்கப்பா. அமெரிக்கா, கியூபா எல்லாம் சுற்றி, லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உட்கார்ந்து படித்து, "நேச்சர்" இதழில் கட்டுரைகள் எழுதிவிட்டு, பட்டம் எதுவும் இல்லாமல் ஊர் திரும்பி, வாகயாமா மாகாணத்தில் தனாபே என்ற சின்ன ஊரில் குடியேறியவர். சளிப்பூஞ்சை என்று ஒரு உயிர், ஈரமான மரக்கட்டையில் வளரும், அதுதான் அவர் ஆராய்ச்சி. அது வளர்கிற காட்டை வெட்ட ஆரம்பித்ததும் மனிதர் கொதித்துவிட்டார். 1910ல் இணைப்புக்கு ஆதரவான அதிகாரி வந்திருந்த கூட்டத்துக்குள் குடித்துவிட்டு நுழைந்து ரகளை செய்து, 18 நாள் சிறையில் இருந்தார். (சிறையிலும் சளிப்பூஞ்சை பிடித்தாராம். வெறித்தனம்!)

அவர் எழுதிய வாதங்களைப் பார்த்தால் இன்றைக்கும் அசந்துபோவீர்கள். காட்டை வெட்டினால் பறவை போகும், பறவை போனால் பூச்சி பெருகும், பூச்சி பெருகினால் பயிர் போகும் என்கிறார். சூழலியல் என்ற சொல்லை அந்தக் காலத்திலேயே பயன்படுத்துகிறார். பி.காம். மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது: ஊர்க் கோயில் போனால் ஊர்த் திருவிழா போகும், திருவிழா போனால் அதை நம்பி உள்ளூரில் புரளும் பணமும் போகும், ஊர் தேயும் என்றும் எழுதினார். வயதானவர்களும் குழந்தைகளும் பல மைல் நடந்து "தலைமை" கோயிலுக்கு எப்படிப் போவார்கள் என்று கேட்டார். 1911ல் நாட்டாரியல் அறிஞர் யனகிட்டா குனியோ இவருடைய கடிதங்களை அச்சிட்டு முக்கியமானவர்களுக்கு அனுப்பி உதவினார். ஆனாலும் 1920ல் பிரபுக்கள் அவை "இனி இணைப்பு வேண்டாம்" என்று தீர்மானம் போட்டபோது வெட்ட வேண்டியதையெல்லாம் வெட்டி முடித்திருந்தார்கள்.

கொஞ்சம் தப்பியது. தனாபே வளைகுடாவில் கஷிமா என்ற குட்டித் தீவு தப்பியது. 1929ல் ஹிரோஹிதோ சக்கரவர்த்தி அந்தப் பக்கம் வந்தபோது (அவரும் உயிரியல் பைத்தியம்தான்) மினகாட்டாதான் பாடம் எடுத்தார், 110 சளிப்பூஞ்சை மாதிரிகளை மிட்டாய்ப் பெட்டிகளில் போட்டுப் பரிசாகவும் கொடுத்தார். குமானோ யாத்திரைப் பாதையில் ட்சுகிசாகுரா என்ற இடத்தில் சில பெரிய மரங்கள் தப்பின. அந்தப் பாதை 2004ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. இன்று வெளிநாட்டார் வந்து அந்த மரங்களின் கீழே நின்று படம் எடுத்து, "ஜப்பானியர்கள் இயற்கையை எப்படிப் போற்றுகிறார்கள் பாருங்கள்" என்று எழுதுகிறார்கள். யார் போற்றினார்கள்? ஜெயிலுக்குப் போன ஒருத்தர் போற்றினார். கோடாலியும் ஜப்பானிய அரசாங்கத்தின் கோடாலிதான்!

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பர் ஒருத்தர் கேட்டார், "அப்ப இசே கோயில்? இருபது வருஷத்துக்கு ஒரு தடவை அச்சு அசலா அதே மாதிரி கட்டுறாங்களே, 1300 வருஷமா?" நல்ல கேள்வி. 690ல் தொடங்கியது, 2013ல் நடந்தது 62ஆவது முறை, அடுத்தது 2033. எனக்கும் அது மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 62ஐ இருபதால் பெருக்கினால் கணக்கு உதைக்கிறதே, கவனித்தீர்களா? உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1462லிருந்து 1585 வரை, உட்கோயிலை யாரும் புதுப்பித்துக் கட்டவே இல்லை. 120 வருடத்துக்கு மேல்! காசு இல்லை, கொடுக்க ஆள் இல்லை. அந்த இடைவெளியில் 1563ல் வெளிக்கோயிலை மட்டும் மறுபடி எழுப்ப ஊர் ஊராக நன்கொடை திரட்டியவர் செய்ஜுன். அவர் ஒரு பௌத்தத் துறவி, அதுவும் பெண். ஷின்டோவின் தலைமைக் கோயிலை ஒரு புத்த பிக்குணி தூக்கி நிறுத்தியிருக்கிறார். பிறகு வந்த மெய்ஜி அரசு, ரெண்டும் வேற வேற என்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் 1949ல் நடக்க வேண்டியது தள்ளிப்போய் 1953ல்தான் நடந்தது. அறுந்து, ஒட்டுப்போட்டு, மறுபடி அறுந்து, யாரோ ஒருத்தர் தெருத்தெருவாக அலைந்து வந்த கதை அது. "அப்படியே காப்பாத்தினாங்க" என்றால் அந்த அம்மா நடந்த நடைக்கு என்ன மரியாதை?

இப்போது வீட்டுக்குள் போவோம். எனக்கு உண்மையான கோபம் இங்கேதான்.

ஜப்பானியக் குடும்பம் என்றதும் தாழ்வான ஒரு வட்ட மேசை, சுற்றி எல்லோரும் பாயில் உட்கார்ந்து சாப்பிடும் காட்சி நினைவுக்கு வரும் இல்லையா? அந்த மேசைக்குச் சபுதை என்று பெயர். அது வீடுகளில் பரவியதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். அதற்கு முன் ஆளாளுக்கு ஒரு சின்னப் பெட்டித்தட்டு, ஹகோசென். குடும்பத் தலைவர் மேலே, மருமகள் கடைசியில் என்று தகுதிப்படி வரிசை. 1955க்குப் பிறகு அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்ததும் சபுதையும் போய்ச் சாப்பாட்டு மேசை வந்துவிட்டது. ஆக அந்த "காலங்காலமான" காட்சிக்கு ஆயுள் இரண்டு மூன்று தலைமுறை.

2013 டிசம்பரில் வாஷோகு, அதாவது ஜப்பானிய உணவு மரபு, யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சுஷிக்கும் டெம்புராவுக்கும் கிடைத்த மெடல் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டியலில் எழுதியிருப்பது, குறிப்பாகப் புத்தாண்டுக் கொண்டாட்டத்தை ஒட்டிய உணவு மரபு. அது ஒசேச்சி. அரக்குப் பூசிய அடுக்குப் பெட்டிகளில் கறுப்பு பீன்ஸ், ஹெர்ரிங் மீன்முட்டை, இனிப்பு முட்டைச் சுருள், தாமரைத்தண்டு, இறால், கருவாடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு அர்த்தம். மீன்முட்டை பிள்ளைப்பேறு, முதுகு வளைந்த இறால் தீர்க்காயுசு, ஓட்டை உள்ள தாமரைத்தண்டு வழியாக எதிர்காலம் தெரியும். அழகான கற்பனைதான், மறுக்கவில்லை.

ஒசேச்சி எதற்கு என்று கேட்டால் சொல்லும் விளக்கம்தான் காமெடி. "புத்தாண்டின் மூன்று நாளும் வீட்டுப் பெண்மணி அடுப்படிக்குப் போகாமல் ஓய்வெடுப்பதற்காக, கெடாத பண்டமாக முன்கூட்டியே செய்து வைப்பது." ஆஹா! முன்கூட்டியே செய்து வைப்பது யாருங்க? மூன்று நாள் லீவுக்காக மூன்று நாள் முன்னாடி இரவு பகலாக வேக வைப்பதும் அதே பெண்மணிதான். நம்ம வீடுகளில் தீபாவளிக்கு முந்தின ராத்திரி அடுப்படியில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2021ல் ஜப்பான் அரசே எடுத்த நேரக் கணக்கெடுப்பு இருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீடுகளில் வீட்டு வேலைக்கும் குழந்தை வளர்ப்புக்கும் மனைவி செலவழிப்பது நாளுக்கு 7 மணி 28 நிமிடம். கணவர் 1 மணி 54 நிமிடம். பற்று யார் தலையில் என்று கேட்டேனே, இதுதான் அது. இந்த நோட்டில் சம்பளப் பத்தியே கிடையாது.

அதனால் பலர் டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் வாங்கிவிடுகிறார்கள், இலையுதிர்காலத்திலேயே முன்பதிவு. "ஐயோ, கடை ஒசேச்சியா, பாரம்பரியம் போச்சு" என்று முனகுகிறவர்கள் அங்கேயும் உண்டு. கடை ஒசேச்சியில் ஏமாற்று இல்லாமலும் இல்லை. 2011 புத்தாண்டுக்கு குரூப்பான் தளத்தில் 21,000 யென் ஒசேச்சி பாதி விலைக்கு என்று 500 பெட்டி விற்றார்கள். வந்தது பாதி காலிப் பெட்டி, சில பேருக்கு அதுவும் நேரத்துக்கு வரவில்லை. அமெரிக்காவிலிருந்து தலைமை அதிகாரியே வீடியோவில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் கடையில் ஏமாந்தால் கேட்க ஒரு ஆள் இருக்கிறார், காசும் திரும்பி வரும். வீட்டில் நாற்பது வருடம் வேக வைத்தவருக்கு யார் வீடியோ போடப்போகிறார்கள்?

2020 ஜூலையில் நடந்த ஒரு கூத்து. சூப்பர்மார்க்கெட்டில் குழந்தையோடு நின்ற ஒரு தாய் உருளைக்கிழங்கு சாலட்டை எடுக்கிறார். ஒரு பெரியவர், "தாயாக இருந்தால் உருளைக்கிழங்கு சாலட்டாவது வீட்டில் செய்யக் கூடாதா?" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பார்த்தவர் ஒருவர் ட்விட்டரில் எழுத, நாடே பற்றிக்கொண்டது. உருளைக்கிழங்கை வேக வைத்து, தோலுரித்து, மசித்து, வெள்ளரி நறுக்கிப் பிழிந்து... எத்தனை வேலை என்று பெண்கள் வரிசையாக எழுதினார்கள். இதில் உச்சகட்ட வேடிக்கை என்னவென்றால் மயோனைஸ் போட்ட அந்தச் சாலட் மேற்கத்தியச் சரக்கு. அதையும் "அம்மா கைப்பக்குவம்" கணக்கில் எழுதிவிட்டார்கள்! தினமும் பார்ப்பது என்ன? 1962ல் ஆளுக்கு வருடத்துக்கு 118 கிலோ அரிசி சாப்பிட்ட நாடு, இப்போது ஐம்பது கிலோ பக்கத்தில் நிற்கிறது. மிசோ, டோஃபு, சோயா சாஸ் எல்லாவற்றுக்கும் மூலமான சோயாவில் பெரும்பகுதி இறக்குமதி. விவசாயியை விட்டுவிட்டார்கள், அரிசியை விட்டுவிட்டார்கள், அம்மாவை மட்டும் விடவில்லை.

இதை அந்த நாட்டுக்காரர் ஒருத்தரே போட்டு உடைத்திருக்கிறார். டோய் யோஷிஹாரு, தொலைக்காட்சியில் வருகிற சமையல் கலைஞர். "ஒரு சூப், மூன்று பதார்த்தம்" என்பதுதான் சரியான ஜப்பானியச் சாப்பாடு என்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. அது இல்லாவிட்டால் குடும்பப் பெண்ணே இல்லை என்கிற அளவுக்கு. 2016ல் இவர் ஒரு புத்தகம் போட்டார், தலைப்பே "ஒரு சூப், ஒரு பதார்த்தம் போதும்" என்கிற அர்த்தம்தான். சோறு, காய்கறி நிறையப் போட்ட மிசோ சூப், ஊறுகாய். முடிந்தது. சாதாரண ஜனங்கள் அன்றாடம் சாப்பிட்டதே இதுதான், தினமும் விருந்து வைக்க யாரிடம் நேரம் இருந்தது என்கிறார். சூப்பில் தக்காளி போடலாம், பன்றிக்கறி போடலாம், முட்டை உடைத்து ஊற்றலாம், ருசி வரவில்லையா, பரவாயில்லை, நாளைக்கு வரும் என்கிறார். சமைக்கிறவர் பக்கம் நின்று பேசுகிறார் மனிதர். லட்சக்கணக்கில் விற்ற புத்தகம் அது.

இதில் ருசியான விஷயம் ஒன்று. இவருடைய அப்பா டோய் மசாருவும் பிரபலத் தொலைக்காட்சிச் சமையல்காரர். "அம்மா கைப்பக்குவம்" என்ற அந்தச் சொல்லை ஜப்பான் முழுக்கப் பரப்பியவர் என்று பெயர் வாங்கியவர் அவர்தான்.